மகள் வைத்த கஞ்சி

வாணி மின்குக்கரின் மூடியைத் திறந்தபோது உள்ளே கஞ்சி இல்லை, சோறு இருந்தது. பருக்கை பருக்கையாக விறைத்து, ஓரத்தில் லேசாகக் காந்தியும் போயிருந்தது. கரண்டியைக் குத்திப் பார்த்தாள். குத்திய இடத்திலேயே நின்றது.

"ஆச்சாம்மா?" கூடத்திலிருந்து அப்பா கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம்ப்பா."

நாகையா கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். இதயம் தளர்ந்துபோய், சில மாதங்களாகக் கூடத்துக் கட்டிலிலேயே கிடந்தார். கஞ்சியைத் தவிர வேறு எதுவும் அவருக்கு இறங்கவில்லை. அதைத் தினமும் வைத்து, ஆற்றி, ஊட்டிவிட்டவள் மருமகள் புஷ்பவல்லி. இன்று பந்திங்கில் அவளுடைய தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வாணி பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயில் ஏறி வந்திருந்தாள். அவள் வந்த பிறகுதான் அண்ணன் யுகேந்திரனும் அண்ணியும் கிளம்பினார்கள்.

"கஞ்சி மட்டும் வச்சுக் குடுத்தா போதும் வாணி," என்றாள் புஷ்பவல்லி, செருப்பை மாட்டிக்கொண்டே. "தண்ணி எவ்ளோன்னா..."

"தெரியும் அண்ணி. நீங்க போங்க, லேட்டாகுது."

தெரியாது. ஆனால் எப்படிக் கேட்பது? அந்தக் குக்கரைக் கொண்டுவந்து கொடுத்ததே அவள்தான். ஆபீஸ் விருந்தில் அதிர்ஷ்டக் குலுக்கலில் விழுந்தது. சோறு, சூப், கேக் எல்லாம் ஒரே பானையில் செய்யலாம் என்று பெட்டியில் போட்டிருந்தது. அவளுடைய சின்ன பிளாட்டில் அதை வைக்க இடமில்லை. தீபாவளிக்கு வந்தபோது தூக்கிவந்து இங்கே வைத்துவிட்டுப் போனாள். "எம்மக வாங்கிக் குடுத்தது," என்று அப்பா எல்லாரிடமும் சொன்னார். பிறகு குக்கரை விட்டுவிட்டு, "எம்மக கஞ்சிதான் என் உசுரப் புடிச்சு வச்சிருக்கு," என்று சொல்ல ஆரம்பித்தார். போனில் கேட்டபோதெல்லாம் வாணி சிரித்துக்கொண்டாளே தவிர, திருத்தியதில்லை.

கூடத்தில் பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி வந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு அவளே வைக்கிறா," என்று அப்பா அவளிடம் சொல்வது கேட்டது. குரல் மெலிந்திருந்தாலும் அதில் ஒரு குஷி இருந்தது. "இருந்து பாத்துட்டுப் போங்க."

"பாக்காம போவேனா," என்றாள் தனலெட்சுமி.

வாணி போனை எடுத்து அண்ணியின் நம்பர் வரைக்கும் போனாள். அங்கே தட்டு மாற்றிக்கொண்டிருப்பார்கள். எல்லார் நடுவிலும் நின்று, "கஞ்சிக்கு எவ்ளோ தண்ணின்னா கேக்குற?" என்று அண்ணி கேட்பாள். போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"வாணி, எதுவா இருந்தாலும் கொண்டாம்மா. பசிக்குது."

அந்தச் சோற்றிலேயே வெந்நீரை ஊற்றி மசித்திருக்கலாம். சின்னப் பிள்ளைக்குக்கூட அது தோன்றியிருக்கும். ஆனால் தனலெட்சுமி எட்டிப் பார்த்தால், அடிப்பிடித்த சோற்றை மகள் பிசைந்துகொண்டிருப்பதைப் பார்ப்பாள்.

"இருங்கப்பா, நல்லா வச்சுத் தரேன்."

சோற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் கொட்டி முடிச்சுப் போட்டுக் குப்பைத்தொட்டியின் அடியில் திணித்தாள். போனில் ஒரு வீடியோவைப் பார்த்து மறுபடியும் அரிசியைக் கழுவிப் போட்டாள். அந்த வீடியோவில் இதே குக்கர் புத்தம் புதிதாக இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. இந்தக் குக்கரில் ஒரு பொத்தானுக்கு மட்டும் எழுத்தே இல்லை. பழுதாகியிருக்கும் என்று நினைத்து, காலையில் அவள் 'ரைஸ்' என்று இருந்ததை அமுக்கியிருந்தாள். எழுத்தில்லாத பொத்தான்தான் கஞ்சிக்கானது. அமுக்கி அமுக்கி அண்ணியின் விரல் அந்த எழுத்தை அழித்துவிட்டிருக்கிறது.

அவள் அந்தப் பொத்தானை அமுக்கினாள்.

அப்பா இன்னொரு தடவை கேட்டார். பிறகு கேட்கவில்லை. குக்கர் கூவி ஓய்ந்த பிறகும் மூடி திறக்க வரவில்லை. உள்ளே இருக்கும் ஆவி அடங்கினால்தான் திறக்கும் என்றது வீடியோ. வாணி கிண்ணத்தையும் ஸ்பூனையும் கையில் வைத்துக்கொண்டு அதன் எதிரே நின்றாள். அடுப்பில் குழம்பு இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனலெட்சுமி சொல்லிவிட்டுப் போவது கேட்டது.

கஞ்சி நன்றாக வந்திருந்தது. உப்புப் போட்டு ஆற்றிக்கொண்டு போனாள்.

அப்பா தலையைச் சுவர்ப்பக்கம் சாய்த்திருந்தார். கண் பாதி திறந்திருந்தது.

"அப்பா, கஞ்சி."

ஒரு ஸ்பூன் எடுத்து உதட்டில் வைத்தாள். அது கடைவாய் வழியாக வழிந்து கழுத்துக்குப் போனது. துடைத்துவிட்டு இன்னொரு ஸ்பூன் வைத்தாள். அதுவும் வழிந்தது. மூன்றாவது ஸ்பூன் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

வாசல் கேட் சத்தம் போட்டது. தனலெட்சுமி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். அவள் கண்ணில் முதலில் பட்டது கிண்ணம்தான்.

"குடிச்சாரா?"

வாணி தலையாட்டினாள். ஏன் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ரெண்டு வாய் குடிச்சாரு ஆன்டி," என்றாள். அப்புறம், "அப்பா பேச மாட்டேங்குறாரு," என்றாள்.

*

அந்த ரெண்டு வாய் அன்று சாயங்காலத்துக்குள் ஒரு கிண்ணமாகிவிட்டது. கிளினிக் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவதற்குள் தெரு முழுவதும் தெரிந்திருந்தது. அண்ணன் போனில் ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னான்.

"இல்லண்ணே, கஷ்டப்படல. தங்கச்சி வந்து கஞ்சி வச்சுக் குடுத்திருக்கு. வயிறு நெறைய குடிச்சிட்டுத் தூங்குற மாதிரி போயிட்டாரு." அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவன் உடையாமல் நின்றுகொண்டிருந்தான்.

புஷ்பவல்லி நிச்சயதார்த்தத்துக்குக் கட்டிப்போன பட்டுப் புடவையோடு வந்து கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலையில் பூ இருந்தது. யாரோ வந்து அதை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை, வெளியே கூடாரத்தில் நாற்காலிகள் நிறைந்தன. கோப்பி கொடுக்கப் போன இடத்தில் வாணி காதில் விழுந்தது.

"இத்தன மாசம் வச்சுப் பாத்து என்ன பண்றது. கடைசி நேரத்துல மருமக விசேஷ வீட்ல இருந்திருக்கா."

"மக வந்து சேந்துச்சே. அது குடுத்து வச்சது."

சொன்னவள் வாணியின் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தாள். தட்டில் கோப்பித் தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின. வாணி தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொன்னால் இந்தக் கூடாரமே திரும்பிப் பார்க்கும்.

அவள் சமையலறைக்குத் திரும்பியபோது புஷ்பவல்லி குப்பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அடியில் கனமாக ஏதோ இருக்கிறதே என்று அந்தப் பையை வெளியே எடுத்துப் பிரித்துப் பார்த்தாள்.

"இது சோறால்ல இருக்கு," என்றாள்.

வாணி கோப்பித் தட்டை மேசையில் வைத்தாள்.

"எவ்ளோ தண்ணி ஊத்துன?"

"அண்ணி..."

"மறுபடியும் வச்சியா?"

"ம்."

"அதுவரைக்கும் அவரு?"

கூடாரத்தில் யாரோ தேவாரம் பாட ஆரம்பித்திருந்தார்கள். புஷ்பவல்லி பையை மறுபடியும் முடிந்தாள். முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சும் போட்டாள்.

"ஒரு போன் பண்ணிருக்கலாம் லா," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. பிறகு குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

அண்ணன் போட்ட பிறகு பெண்களை வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். "மக மொதல்ல வாம்மா."

"அண்ணி போடட்டும்," என்றாள் வாணி.

"அதெல்லாம் மொறையில்ல. மகதான் மொதல்ல."

அரிசியை அள்ளிக் கையில் கொடுத்தார்கள். அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. வாணி குனிந்தாள். பாதி அரிசி அவர் நெஞ்சில் கொட்டியது. சுற்றி நின்ற பெண்கள் ஓங்கி அழுதார்கள். அவளுக்குத்தான் அழுகை வரவில்லை. அவளுக்குப் பின்னால் வரிசையில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள்.

*

வண்டி மின்மயானத்துக்குப் போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெண்களும் ஒவ்வொருவராகக் குளித்துவிட்டுக் கிளம்பினார்கள். வாசலில் வாணியும் புஷ்பவல்லியும் கூடாரத்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஒரு பழைய மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. வந்தவர் வேலாயுதம். துறைமுகத்தில் அப்பாவோடு ஒன்றாக வேலை பார்த்தவர், ஜெஞ்சாரோமில் இருப்பவர். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே காலியான கூடாரத்தைப் பார்த்தார்.

"எடுத்துட்டாங்களா? எனக்கு இப்பதாம்மா சேதி கெடைச்சது."

"இப்பதான் அங்கிள், கொஞ்ச நேரத்துக்கு முன்ன," என்றாள் புஷ்பவல்லி.

அவர் ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"கேண்டீன்ல அவனுக்கு மொதல்ல போடலேன்னா சண்டைக்கு வந்துருவான். பசி தாங்க மாட்டான்," என்றார். "கடைசியா எதாச்சும் சாப்ட்டானா?"

நேற்றிலிருந்து இந்தக் கேள்விக்கு அங்கிருந்த யாராவது முந்திக்கொண்டு பதில் சொல்லிவந்தார்கள். இப்போது யாரும் இல்லை. புஷ்பவல்லி வாணியைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவில்லை.

"இல்ல அங்கிள்," என்றாள் வாணி. "கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான் நேரத்துக்குக் குடுக்கல. அண்ணி இருந்திருந்தா குடிச்சிருப்பாரு."

பெரியவர் ஹெல்மெட்டின் வாரை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க அங்கிள்," என்று புஷ்பவல்லி சொல்லிவிட்டு, அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை உருவப் போனாள். அது அடுத்ததோடு இறுக்கமாக மாட்டிக்கொண்டிருந்தது. பலமாக இழுத்துப் பார்த்தாள். அடுக்கு முழுவதும் சாய்ந்து அவளோடு வந்தது.

வாணி போய் அதற்கு அடியிலிருந்த நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். புஷ்பவல்லி மேலிருந்ததை இழுத்தாள்.