லாமியாவின் பற்கள்

ஸ்லிவென் ஊர்ப் பள்ளியில் இயற்பியல் நடத்தும் ஸ்லாட்காவுக்கு அந்த வருடம் பொம்மலாட்டக்காரர்களைக் கண்டாலே எரிச்சல். ஊர் பொம்மலாட்ட அரங்கும் பள்ளியும் ஒப்பந்தம் போட்டு, ஏழாம் வகுப்பின் வியாழக்கிழமை இயற்பியல் நேரத்தை அவர்களுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தார்கள்.

"பரீட்சையை பொம்மையா வந்து எழுதப் போகுது?" என்று தலைமையாசிரியையிடம் சண்டைக்குப் போனாள்.

"நீங்களும் கூட உக்காந்து பாருங்க, ஸ்லாட்கா" என்று அனுப்பிவிட்டார் அவர்.

அரங்கிலிருந்து லூபென் வந்தார். தாடியில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். கதையைப் பிள்ளைகளே கட்டினார்கள். ஊற்றுத் தண்ணீரையெல்லாம் குடித்துத் தீர்க்கும் லாமியா என்ற அரக்கப் பாம்பு. வெள்ளைத் துணிக்குப் பின்னால் உருண்டை விளக்கு, நடுவே அட்டையில் வெட்டிய பாம்பு. குடிக்கக் குடிக்க அதன் நிழல் வளர வேண்டும்.

"பெருசா இன்னொண்ணு வெட்டிடலாம்" என்றான் ஷிவ்கோ.

"வேணாம். விளக்குக்கிட்ட கொண்டுபோ, தானா பெருசாகும்."

சொன்னவள் ராலிட்சா. பரீட்சையில் ஆறு மதிப்பெண்ணுக்கு இரண்டைத் தாண்டாதவள். வகுப்பில் அவள் வாயைத் திறந்து ஸ்லாட்கா பார்த்ததில்லை.

நிழல் வளர்ந்தது. ஆனால் ஓரமெல்லாம் கலங்கி, பற்கள் காணாமல் போயின.

"பாம்பா இது? கம்பளி மூட்டை!" என்று ஷிவ்கோ சிரித்தான்.

ஸ்லாட்கா காரணம் சொல்ல எழுந்தாள். லூபென் முந்திக்கொண்டு, "ஏன் இப்படி ஆச்சு?" என்று பிள்ளைகளையே கேட்டார். ராலிட்சா விளக்கையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஷிவ்கோ, உன் போனைக் குடு."

"எதுக்குடி?"

"குடுடா, தின்னுட மாட்டேன்."

விளக்கை அணைத்து, போனின் டார்ச்சை அந்த இடத்தில் பிடித்தாள். துணியில் ஒவ்வொரு பல்லும் கத்திபோல நின்றது. வகுப்பே ஓவென்று கத்தியது.

"பெரிய விளக்குல ஒவ்வொரு இடத்துலேருந்தும் ஒரு நிழல் விழுது" என்றாள். "எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காரல, டீச்சர். அதான் கலங்குது. இது சின்ன வெளிச்சம். ஒரே நிழல்தான்."

போன மாதம் இதே பாடத்தைப் படம் போட்டு நடத்தியது ஸ்லாட்காதான். எல்லோரும் அதை அழகாகப் பார்த்து வரைந்ததோடு சரி.

"சரியாச் சொன்னே" என்றாள்.

அடுத்த தேர்வில் ராலிட்சா நான்கு வாங்கினாள். ஷிவ்கோ பழைய மூன்றிலேயே நின்றான். ஒன்றிரண்டு பேர் இறங்கியும் போனார்கள். ஒப்பந்தத்தை நீட்டிக்கலாமா என்று தலைமையாசிரியை கேட்டபோது, "நீட்டிச்சிடுங்க. மின்சாரப் பாடத்துக்கும் லூபெனை வரச் சொல்லுங்க" என்றாள் ஸ்லாட்கா.

மறுநாள் வகுப்பில் ராலிட்சா கை தூக்கினாள்.

"டீச்சர், தாழப் பறக்கற புறாவோட நிழல் தரையில தெரியுது. ரொம்ப உயரத்துல பறக்கற பருந்தோட நிழல் ஏன் தெரியல?"

ஸ்லாட்கா சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் குளிர் கோட்டு மாட்டிக்குங்க. வெளியே போய்ப் பார்ப்போம்."