நூறாவது குழந்தை

"பின்பக்க லிஃப்டுல போயிடுங்க. வண்டி நிக்கிற இடத்துலயே இறக்கி விட்டுடும்" என்று சொல்லிக்கொண்டே, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அதிகாரி விரலால் தட்டிக் காட்டினார். ஆஸ்பத்திரியின் நல்ல பெயரைக் காப்பது அவர் வேலை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே முகம்தான் அவருக்கு. வார்டில் எல்லாரும் வைத்திருந்த பெயர் சிரிச்சமூஞ்சி.

தாய்மாமன் கையெழுத்துப் போட்டான். பக்கத்து நாற்காலியில் தங்கை; அவள் மடியில், துணி சுற்றிய ஐந்து மாதக் குழந்தை. ஒன்பது நாளைக்கு முன்னால் திறந்து, ஓட்டையை அடைத்து மூடிய இதயம், அன்று காலை ஆறு மணிக்கு நின்றுபோயிருந்தது. மச்சான் வண்டி பிடிக்க வாசலுக்குப் போயிருந்தார்.

அறுவை சிகிச்சை நன்றாகத்தான் நடந்தது. நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் பால் குடித்தது. ஆறாம் நாள்தான், அந்த ஆஸ்பத்திரியில் இதய ஆபரேஷன் செய்த நூறாவது குழந்தை அது என்பது நிர்வாகத்துக்கு உறைத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வெளிச்சம் பத்தாதென்று, பெரிய ஜன்னல் வைத்த அறைக்கு மாற்றிப் படம் பிடித்தார்கள். இயக்குநர் தூக்கினார். இயக்குநரின் சம்சாரம் தூக்கினார். நன்கொடை கொடுத்த சிமென்ட் வியாபாரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே முத்தம் கொடுத்தார். ஏழாம் நாள் காய்ச்சல். "ஆபரேஷனுக்கப்புறம் இதெல்லாம் சகஜம்" என்றார்கள். எட்டாம் நாள் அதைச் சொல்லக்கூட ஆள் இல்லை. எல்லாரும் மறுநாள் விழாவுக்குப் பலூன் ஊதப் போயிருந்தார்கள்.

"அந்த லிஃப்டுல குப்பை போகுது சார். என் கண்ணால பாத்தேன்" என்றான் மாமன்.

"கழுவித்தான் வச்சிருக்கோம், தம்பி."

"எங்க புள்ள போறதுக்குன்னே கழுவினீங்களாக்கும்?"

சிரிச்சமூஞ்சி குரலைத் தணித்தார். "கொஞ்சம் புரிஞ்சுக்கணும். கீழ பெரிய மனுஷங்கல்லாம் வந்து உக்காந்தாச்சு. சரியா பத்துக்கு லிஃப்ட் திறக்கும், குழந்தை வரும், கைதட்டு. நல்ல நாள்ல அவங்க மனசு நோகக்கூடாது பாருங்க."

"செத்தது எங்க புள்ள. நோவறது அவங்க மனசா?"

"உங்களுக்கு ஒரு சங்கடமும் வராது. தொண்ணூத்தொம்பதாவது குழந்தைய நூறாவதா ரெடி பண்ணிட்டோம்."

அதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

காலையிலிருந்து வாய் திறக்காத தங்கை திறந்தாள். "அண்ணா, இவன் வந்த வழியாவே போகட்டும்."

மாமன் எழுந்தான்.

"முன்பக்க லிஃப்ட பூட்டியாச்சே!" சிரிச்சமூஞ்சி பின்னாலேயே ஓடிவந்தார். "விருந்தாளிங்களுக்கு மட்டும்தான்!"

மாமன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தான். "இந்தக் கம்பெனி லிஃப்டு அத்தனைக்கும் ஒரே சாவிதான் சார். இருபது வருஷமா இதுக்குத்தான் கிரீஸ் போட்டுக்கிட்டுத் திரியுறேன். நீ வாம்மா."

கதவு மூடிக்கொண்டே வந்து, இடைவெளி ஒரு விரல் அகலம் ஆனபோதும், அதில் தெரிந்த முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

மூன்று மாடி. தையல் போட்ட நெஞ்சில் கை படாமல் ஒதுக்கிப் பிடித்திருந்தாள் தங்கை. ஒன்பது நாள் பழக்கம். மாமன் சுவரைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

கதவு திறந்தது.

கைதட்டல் முகத்தில் வந்து அறைந்தது. பலூன்கள், பூங்கொத்துகள், முன்வரிசையில் சிமென்ட் வியாபாரி. "இதோ! நமது கரங்களில் மறுபிறவி எடுத்த நூறாவது மழலைச் செல்வம்!" என்று மைக்கில் முழங்கினார் இயக்குநர். காலை ஆறு மணிச் சேதியை அவரிடம் சொல்ல யாருக்கும் துணிச்சல் வந்திருக்கவில்லை.

"அம்மா, அந்தத் துணிய லேசா விலக்குங்க. பாப்பா முகம் தெரியல" என்றார் புகைப்படக்காரர்.

மாமன் வாயெடுப்பதற்குள் தங்கை ஓரடி முன்னால் வந்தாள். விளக்கு நேராக விழும் இடமாகப் பார்த்து நின்று, துணியை விலக்கினாள்.

முன்வரிசையில் கைகள் அப்படியே நின்றன. மைக்கில் இயக்குநரின் மூச்சு மட்டும் கேட்டது. பின்வரிசைக்கு ஒன்றும் தெரியவில்லை. அங்கே ஒருவர் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தார்.