பதினேழாம் தொட்டி

1

இந்தக் கதை என் கையிலிருந்த ஒரு சிறு வலையில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அக்கா தேரைகளின் நஞ்சை ஆராய்கிறவள். இரண்டு நாள் வெளியூர் போனபோது, ஆய்வுக்கூடத்துத் தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றும் வேலையை என்னிடம் விட்டுப்போனாள். எழுத்தாளனுக்கு வேறென்ன வெட்டிமுறிக்கிற வேலை என்று அவளுக்கு எண்ணம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை ஓய்ந்த மாலையில் ஒரு தேரை...’ அடித்துவிட்டேன். மழையும் இல்லை, மாலையும் இல்லை. குழல்விளக்கு, நாற்பது பிளாஸ்டிக் தொட்டிகள், அவ்வளவுதான்.

2

தேரைக்குப் பல்லில்லை, வேகமாக ஓடவும் வராது. கண்ணுக்குப் பின்னாலுள்ள புடைப்பில் நஞ்சை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கும். கவ்விய நாய் நுரை தள்ளித் துப்பிவிடும். அதைவிட அதிசயம் அதன் குஞ்சு. வால் முளைத்த மிளகு மாதிரி இருக்கிற தலைப்பிரட்டை, யாரும் சொல்லித் தராமல் தன் உடம்புக்குள்ளேயே நஞ்சு சமைக்கிறது. கூட்டம் பெருத்து இரைக்குப் போட்டி வந்தால் கூடுதலாகச் சமைக்கிறது. அடேயப்பா! நானோ ஒரு பத்திக்கு மூன்று நாள் முக்குகிறேன்.

இதை உறுதிப்படுத்தத்தான் அக்கா பாதித் தொட்டிகளில் இருபது இருபதாகவும், மீதியில் ஒவ்வொன்றாகவும் வளர்த்தாள். மூன்று வருட உழைப்பு.

3

(இங்கே கதைசொல்லியைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டலாமா என்று யோசித்தேன். வேண்டாம்.)

பதினேழாம் தொட்டியில் ஒன்று தன்னந்தனியாகச் சுற்றிச் சுற்றி வந்தது. பாவமாக இருந்தது. வலையில் கோரி, பக்கத்துத் தொட்டிக் கூட்டத்தில் விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவசரமாக அந்த இருபத்தொன்றில் ஒன்றைப் பிடித்துப் பதினேழில் போட்டேன். பழையதுதானா? யாருக்குத் தெரியும்? எல்லாம் ஒரே கறுப்பு.

தவளைதான் தன் வாயால் கெடும். நான் வாய் திறக்காமலே கெட்டேன்.

4

நேற்று அக்கா நஞ்சை அளந்த தாள்களோடு சாப்பாட்டு மேசைக்கு வந்தாள்.

“பதினேழு மட்டும் உதைக்குதுடா. தனியா வளர்ந்ததுக்கு எதுக்கு இவ்வளவு விஷம்?”

“அளந்ததுல ஏதாவது தப்பு இருக்குமோ?”

“மூணு தடவை அளந்தாச்சு. அது பொய் சொல்லாது. நான்தான் எதையோ தப்பா நினைச்சிருக்கேன். திங்கக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்கப் போறதில்ல. முதல்ல இருந்து பண்றேன்.”

“ஒண்ணே ஒண்ணுதானே, விட்டுடேன்.”

“ஒத்துவராததை அடிச்சுட்டுப் போறது உன் தொழில்டா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மூன்று வருடத்தை ஒரு மிளகுக்காக விட்டுக்கொடுக்கத் துணிகிறவள். இப்படி ஒருத்தியை நான் கதையில்கூடப் படைத்ததில்லை.

5

முடிவு ஒன்று: தம்பி அங்கேயே உண்மையைச் சொல்லிவிடுகிறான். (பொய். தட்டுக் கழுவ எழுந்து போனேன்.)

முடிவு இரண்டு: அக்காவே கண்டுபிடித்துவிடுகிறாள். (என்னைச் சந்தேகிக்க அவளுக்குத் தெரியாது. அதுதான் வலிக்கிறது.)

முடிவு மூன்று: அக்கா நாற்பது தொட்டிகளையும் கழுவிவிட்டு மறுபடியும்... இதை எழுதக் கை வரவில்லை.

என் கதை எதையும் முதலில் படிப்பவள் அவள்தான், சிவப்புப் பேனாவோடு. இன்று சனிக்கிழமை. இந்தத் தாள்களை அவள் மேசையில் வைத்துவிட்டுக் கூடத்தில் காத்திருக்கப் போகிறேன். மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். முடிவு உங்கள் கையில் இல்லை.

அக்கா, உன் கணிப்பில் பிழையில்லை. பதினேழை அடித்துவிடு, பக்கத்துத் தொட்டியையும் அடித்துவிடு. பிறகு என்னை என்ன செய்யலாம் என்று கீழே எழுது. இடம் விட்டிருக்கிறேன்.