கல்லுக்கும் பாறைக்கும் நடுவில்

வெள்ளிக்கிழமைகூட இல்லை, செவ்வாய்தான். ஆனாலும் மரகதம் விடிந்ததும் எல்லைக்கல்லைக் கழுவி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். பொட்டு கோணலாக விழுந்தது. பதினோரு மணிக்கு சர்வேயர் வருகிறார். கன்னட ஊரான ஹெப்பகோடியின் இந்தப் பக்கத்து நிலமெல்லாம் மனை பிரித்து லேஅவுட்டாகி, மற்ற எல்லைக்கற்கள் யார் யார் வீட்டு அஸ்திவாரத்துக்கோ போய்விட்டன. மிஞ்சியது இந்த ஒன்றுதான். பக்கத்து நிலத்துக்காரர் கிருஷ்ணப்பா, இப்போது தன் நிலத்தை அளந்துபார்த்துவிட்டு, கல் இரண்டடி தன் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று வழக்குப் போட்டிருக்கிறார். அந்த இரண்டடியில்தான் மரகதத்தின் வீட்டு வடக்குச் சுவர் நிற்கிறது, அதன் மேல் மாடி நிற்கிறது. சுவர் போனால் வீட்டில் என்ன மிஞ்சும்?

கிருஷ்ணப்பா சொல்வது உண்மை. அது மரகதத்துக்குத் தெரியும்.

முப்பது வருஷத்துக்கு முன்னால், பூமி பூஜை முடித்து எழுந்த ஐயர், ஈசானிய மூலையைப் பார்த்து, "மூலை குறைஞ்ச மனை. வீட்டுப் பொம்பளைக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுத் தட்சிணையோடு போய்விட்டார். அதற்குள் மரகதத்துக்கு இரண்டு கர்ப்பம் தங்காமல் போயிருந்தது. கணவர் பழனிச்சாமிக்கு அது போதாதா? கிருஷ்ணப்பா வீட்டார் கல்யாணத்துக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையைத் தூக்கினார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி மண்ணை இளக்கிக் கொடுத்தவள் மரகதம். பிடுங்கிய கல்லைக் கிருஷ்ணப்பா நிலத்துப் பாறைக்கு நெருக்கமாக நட்டார்கள். "திருடுனதா நெனைக்காத. மூலைய நேர் பண்ணோம், அவ்ளோதான்" என்றார் கணவர். மறுவருஷம் கேசவ் பிறந்தான். பழனிச்சாமி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. புண்ணியவான், பயத்தை மட்டும் இவள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிதோறும் அவள் மஞ்சள் பூசுவதைப் பார்த்து, என்ன பக்தி என்று தெருவே மெச்சியது. பக்தியா! அவள் அந்தக் கல்லிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். வழக்கு வந்ததும், 'கல் ஒருபோதும் இடம் மாறவில்லை' என்று எழுதிக் கேசவ் நீட்டிய பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். பொய்ச் சத்தியத்துக்கு ஜெயிலில் போடுவார்களா? யாரைப் போய்க் கேட்பது? மகனிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தாள். "எங்கப்பா ஒரு ஊசிகூட அடுத்தவங்களுதைத் தொட்டதில்ல" என்று அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்ததில், ஒவ்வொரு முறையும் சொல்லாமலே அடுப்படிக்குத் திரும்பினாள்.

பத்தரை மணிக்குக் கேசவ் உள்ளே வந்தான். கையில் பெரிதாக்கிய ஒரு போட்டோ. முகமெல்லாம் பல்.

"பரண் மேல இருந்த ஆல்பத்துல கெடச்சிதும்மா. நம்ம பூமி பூஜை. கல்லுக்கு அப்பவே மஞ்சள் பூசியிருக்கு பாரு! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மரகதம் பார்த்தாள். ஐயர், பழனிச்சாமி, பட்டுப்புடவையில் அவள். ஓரத்தில் மஞ்சள் பூசிய கல். கல்லுக்கும் பாறைக்கும் நடுவில் சம்மணமிட்டு, மடியில் சுண்டல் பொட்டலத்தோடு இளவயசுக் கிருஷ்ணப்பா சிரித்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு ஆள் சம்மணமிட முடியாது. அவள் போட்டோவை அவன் பக்கமே தள்ளினாள்.

"இது வேணாம்ப்பா. உள்ள வச்சிடு."

"ஏம்மா? இதுதான் நம்ம துருப்புச்சீட்டே."

"சொன்னா கேளு கேசவ். உங்கப்பா..."

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சர்வேயர் மமதா வந்துவிட்டாள். கேசவ் போட்டோவோடு வெளியே ஓடினான். மரகதம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலியோரமாகக் கிருஷ்ணப்பா மெதுவாக நடந்து வந்தார். இப்போது தலை முழுக்க வழுக்கை.

கேசவ் போட்டோவை மமதாவிடம் நீட்டி, கன்னடத்தில் மூச்சுவிடாமல் விளக்கினான். அவள் அதையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். மஞ்சள் அங்கேயும் இருந்தது, இங்கேயும் இருந்தது. "உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணையா?" என்று கிருஷ்ணப்பாவிடம் அதைக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அய்ய, இது நானு! எஷ்டு, எவ்ளோ முடி இருந்துச்சு பாரு மரகதம்மா எனக்கு!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பழனிச்சாமி கையால குடுத்த சுண்டலு. நல்ல மனுஷன் அவரு..."

மரகதமும் சிரிக்கப் பார்த்தாள். கடவுளே, அவர் அந்த வழுக்கைத் தலையை நினைத்தே சிரித்துக்கொண்டிருக்கட்டும்.

சிரிப்பு பாதியில் நின்றது. கிருஷ்ணப்பா போட்டோவைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு தள்ளிப் பிடித்தார். நிமிர்ந்து பாறையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு கல்லருகே போனார்.

"என்ன சார் பண்றீங்க?" என்றான் கேசவ்.

அவர் முதுகைப் பாறையில் சாய்த்து, ஒரு கையை ஊன்றி, போட்டோவில் இருந்தபடியே சம்மணமிட மெல்ல இறங்கினார். பாதியிலேயே முழங்கால் கல்லில் இடித்தது. இறங்கவும் முடியாமல் எழவும் முடியாமல் அப்படியே நின்று, தலையைத் திருப்பி மரகதத்தைப் பார்த்தார். அவர் வெள்ளை வேட்டியில் ஈர மஞ்சள் அப்பியிருந்தது.