ஒன்பது பாயிண்ட்

மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் வேலை முடிந்து வந்து, உறவுக்காரர்களை ஒருவர் விடாமல் நச்சரித்து, நான்கு வருடங்களில் அவள் குடும்ப வரலாற்றை எழுதி முடித்தாள். அச்சு வேலையைத் தான் பார்த்துக்கொள்வதாக அண்ணன் சொன்னபோது அப்பாடா என்றிருந்தது.

மாதிரிப் பக்கங்களைப் பார்க்க வடிவமைப்பாளரின் அறைக்குப் போனாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு கணினியும் இரண்டு நாற்காலிகளும் கொள்கிற இடம். திரையில் தாத்தாவின் பெயர் கொடியும் மொட்டுமாகச் சுருண்டு நின்றது. அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லோருக்கும் அதே பூவேலை எழுத்து. பெண்கள் அடைப்புக்குறிக்குள் எறும்பு வரிசையாகச் சாய்ந்து கிடந்தார்கள். தாயில்லாத அவளையும் அண்ணனையும் வளர்த்த அத்தையின் பெயரைக் கண்ணாடி போட்டும் தேட வேண்டியிருந்தது.

யார் வேலை இது என்று கேட்டாள். வடிவமைப்பாளர் தயங்கினார்.

"சார் சொன்னதுதான் மேடம். ஆம்பளைங்க பேருக்கு எழுத்து அளவு பதினெட்டு பாயிண்ட், பொம்பளைங்க பேருக்கு ஒன்பது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே அண்ணனை அங்கேயே வரவழைத்தாள். வம்சம் என்றால் ஆண் வழிதான் என்றார் அவர். கல்யாணமே ஆகாத அத்தையைச் சேர்த்ததே பெரிய விஷயமாம்.

"உனக்கு டைபாய்டு வந்தப்ப பதினாறு நாள் தூங்காம உக்காந்திருந்தாங்களே, அது எத்தனை பாயிண்ட்ண்ணா?"

எழுத்தைப் பற்றிப் பேசுகிற இடத்தில் வீட்டுக் கதை எதற்கு என்றார் அண்ணன். வீட்டுக் கதையைத்தானே புத்தகமாகப் போடுகிறோம் என்றாள் இவள். வடிவமைப்பாளர் சிரிப்பை அடக்க இருமினார்.

எல்லாப் பெயர்களையும் ஒரே நேர் எழுத்தில், பன்னிரண்டு பாயிண்டில் போடச் சொன்னாள். அப்படியானால் தான் எழுதிக் கொடுத்த முன்னுரையை எடுத்துவிடும்படி சொல்லிவிட்டு அண்ணன் வெளியேறினார். அவள் தடுக்கவில்லை. முழுவதையும் இரண்டு தடவை படித்தவர் அவர். படித்துப் புரிந்துகொண்ட லட்சணம் இதுதானா என்றுதான் தோன்றியது.

புதிய பக்கங்களை எல்லோருக்கும் அனுப்பினாள். மூன்றாம் நாள் அண்ணி போனில் கூப்பிட்டாள். இவள் சண்டைக்குத் தயாராகத்தான் எடுத்தாள்.

"என் பேருல பெரிய 'ற' வரணும்மா. நீ சின்ன 'ர' போட்டிருக்கே. முன்னாடி உங்கண்ணன் காட்டினதுல பொடி எழுத்தா இருந்துச்சா, எனக்கே தெரியல."

இதை அண்ணன் தலையில் கட்ட முடியாது. கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தாள். ஆரம்பத்திலிருந்தே 'ர'தான். அண்ணியோடு இருபத்தெட்டு வருடப் பழக்கம். ஒரு நாளும் கேட்டதில்லை. முகம் சுட்டது. மன்னிப்புக் கேட்டு, அண்ணி சொல்லச் சொல்லத் திருத்திக்கொண்டாள்.

அச்சுக்கு அனுப்புவதை ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். உயிரோடு இருக்கிற ஒவ்வொரு பெண்ணையும் போனில் பிடித்து, பெயரை எப்படி எழுதுவார்கள் என்று கேட்டாள். இன்னும் இரண்டு பெயர்கள் தப்பாக இருந்தன.

புத்தகம் முன்னுரை இல்லாமலே வந்தது.