பத்து கோடிக்குள் இருந்த நாலு லட்சம்

கம்பெனியை வாங்க வந்த சென்னைக்காரர்கள் பத்து கோடி என்று சொன்ன நாளிலிருந்து முருகவேலுக்குக் கால் தரையில் பாவவில்லை. கீழ்பென்னாத்தூர் ரோட்டில் இருபது வருஷமாகக் கடலை மிட்டாயும் இட்லிப் பொடியும் பாக்கெட் போட்டு விற்கிற மனுஷர். கிரிவலம் வருகிற கூட்டத்துக்கு அவருடைய பாக்கெட் இல்லாமல் ஒரு பௌர்ணமியும் போனதில்லை. இருக்கட்டும், அதற்காகப் பத்து கோடியும் தன் மடியில் வந்து விழும் என்றா நினைப்பது? நினைத்தார்.

கையெழுத்துப் போடுகிற நாள் காலையில்தான் ஆடிட்டர் அருணாதேவி அதை உடைத்துச் சொன்னாள்.

"அந்தப் பத்து கோடி மொத்தக் கம்பெனிக்கும் போட்ட விலைங்க. என்டர்பிரைஸ் வேல்யூன்னு சொல்லுவாங்க. அதுல பேங்க் கடன் ஆறு கோடி கழிஞ்சிடும். கம்பெனி கணக்குல சும்மா இருக்கிற ரொக்கம் ஒரு கோடி சேரும். உங்க கைக்கு அஞ்சு."

முருகவேல் மனசுக்குள் கழித்துப் பார்த்தார். பத்து அஞ்சாகிப் போனதுகூடப் பரவாயில்லை. சும்மா இருக்கிற ரொக்கம் என்றாளே, அந்த ஒரு கோடி அவருடையதே இல்லை.

மிட்டாய்க்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, கொண்டுவந்து போடுகிற சனங்கள் விட்டுவைத்த பணம் அது. "இப்ப வாணாங்க, உங்ககிட்டயே இருக்கட்டும், பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ரசீதுச் சீட்டு கேட்க மாட்டார்கள். கேட்டால் அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமாம். எல்லாம் அவர் மனசில்தான் இருந்தது. கம்பெனி பேரிலேயே தனியாக ஒரு பேங்க் கணக்கில் போட்டுவைத்து, ஒரு பைசா தொட்டதில்லை. ஆனால் அருணாதேவி கேட்டபோதெல்லாம், "நான் போட்டதுன்னு எழுதிக்கம்மா" என்று சொல்லித் தொலைத்திருந்தார். அதைக் கடன் என்று அவரும் நினைத்ததில்லை, கொடுத்தவர்களும் நினைத்ததில்லை.

வாங்குகிற கம்பெனியின் ஆள் பிரசாத், எதிரே உட்கார்ந்து காகிதத்தை நகர்த்தினான். "வேற யாருக்கும் பாக்கி இல்லன்னு இதுல ஒரு கையெழுத்து சார்."

போட்டால் அந்தப் பணம் அவருடையதாகிவிடும். கேட்க ஒருத்தரிடமும் சீட்டு இல்லை. சொன்னாலோ, இன்னும் என்னென்ன மறைத்திருக்கிறாய் என்று இவர்கள் எழுந்து போய்விடுவார்கள். மாதக் கடைசியில் பேங்க்காரர்கள் ஃபேக்டரியையும் வீட்டையும் பூட்டிவிடுவார்கள். பேனாவைக் கீழே வைத்தார். ஒரு நிமிஷம் என்று சொல்லி வெளியே வந்தார்.

பௌர்ணமிக்கு இரண்டே நாள். பாக்கெட் ஒட்டும் மெஷின்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. கன்னியம்மாள் எழுந்து வந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் புருஷன் இருசப்பன் செத்த பிறகு முருகவேல்தான் அவளுக்கு வேலை கொடுத்தார். நல்ல மனசு என்று ஊரே புகழ்ந்தது.

"புது கம்பெனிக்காரங்க என்ன வேலயில வெச்சுப்பாங்களாங்க? ஓவியாவ காலேஜ விட்டு நிறுத்திட்டேன். இந்தக் கூலியும் போச்சுன்னா பொண்ண வெச்சிக்கினு நான் எங்க போறது?"

"கேட்டுச் சொல்றம்மா." அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. உள்ளே போனார்.

"அந்த ஒரு கோடி சனங்க பணம்" என்று சொல்லியே விட்டார்.

பிரசாத் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனான். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தான்.

"அப்ப உங்க கைக்கு நாலு கோடி சார். ஆனா யாருக்கு எவ்ளோன்னு லிஸ்ட் வேணும், இன்னிக்கே."

அவர் சொல்லச் சொல்ல அருணாதேவி எழுதினாள். கோதண்டராமன் மூன்று லட்சம், சந்திரம்மாள் எண்பதாயிரம் என்று ஐம்பத்தேழு பேர். கூட்டினால் தொண்ணூற்றாறு லட்சம். பேங்கில் இருப்பதோ சரியாக ஒரு கோடி.

"மீதி நாலு லட்சம் யாருதுங்க?"

தெரியவில்லை. அடி அண்ணாமலையில் ஆரம்பித்து ஊர் ஊராக விரல் விட்டு எண்ணினார். யாரோ ஒருத்தர் நம்பிக் கொடுத்திருக்கிறார், அந்த முகம் வரமாட்டேன் என்கிறது. பேங்க் நோட்டீஸ் வந்தபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

பிரசாத் வாட்சைப் பார்த்தான். "இத்தன நாளா யாரும் கேக்கலயே சார். உங்களுதுன்னே எழுதிடலாம்."

ஏன் கேட்கவில்லை? உயிரோடு இருந்தால் கேட்டிருப்பாரே. அப்படி நினைத்ததும் முருகவேலுக்குப் பகீரென்றது.

இருசப்பன்! மூன்று வருஷத்துக்கு முன் கார்த்திகை தீபம் முடிந்த வாரம், நிலம் விற்ற பணத்தை மஞ்சப் பையில் கொண்டுவந்து கொடுத்தான். "வீட்டுல சொல்லலீங்க, சொன்னா செலவாயிடும். ஓவியா படிப்புக்கு இருக்கட்டும்" என்றான். பதினைந்தாம் நாள் லாரியில் அடிபட்டுப் போனான். பேங்க்காரர்களுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை, பணம் நினைவில் நிற்கவில்லை. சாவுக்குப் போய் ஐயாயிரம் கொடுத்துவிட்டு, தருமம் செய்த நினைப்பில் வீடு திரும்பினார் இந்தப் பாவி.

எழுந்து ஓடினார். அவர் வருகிற வேகத்தைப் பார்த்து, வேலை போய்விட்டது என்றே நினைத்துக் கன்னியம்மாள் மெஷினை நிறுத்தினாள்.

"இருசப்பன் பேர்ல" என்றார். மூச்சு வாங்கியது. "இருசப்பன் பேர்ல நாலு லட்சம் இருக்கும்மா."

அவள் முகம் செத்துப்போனது.

"இவ்ளோ கடன் வெச்சிட்டா போனாரு? எனக்குத் தெரியாதுங்க. வேலய மட்டும் எடுத்துடாதீங்க. கூலில கொஞ்சம் கொஞ்சமா புடிச்சுக்கோங்க."

கடன்காரன் நான்தான் என்று சொல்ல முருகவேலுக்கு நாக்கு எழவில்லை.