பல் மையில் எழுதிய பெயர்

போரில் வெட்டிய தலைகளைக் கழுவி, முடி வாரி, வெட்டியவரின் பெயர்ப்பலகையைக் கட்டுவது கோட்டைப் பெண்களான எங்கள் வேலை. அன்று காலை ஏழு தலைகள் வந்தன. ஏழாவதை மட்டும் மேற்பார்வையாளர் ஒபாத்தாவே தூக்கி வந்து என் அண்ணி நவோவின் முன்னால் வைத்தார்.

"எதிரித் தளபதியோட தலை. பிரபுவோட தங்கச்சி மகன் தனெமிட்சு வெட்டினது. அவர் பேரைக் கட்டு. பல்லுக்கு மை பூசு."

பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வது உயர்குடியினர் வழக்கம். கறுத்த பல்லுள்ள தலைக்குப் பரிசு அதிகம். அதனால் வெள்ளைப் பல்லோடு செத்தவர்களையும் நாங்கள் உயர்குடி ஆக்கிவிடுவோம்.

"தளபதின்னா ஏற்கெனவே பெரிய ஆள்தானே? எதுக்கு மை?" என்றேன்.

"இன்னும் பெரிய ஆளானா உனக்கு வலிக்குதா?"

முந்தின நாள்தான் என் அண்ணன் ஹிராசே குன்பெய்யின் உடல் வீடு வந்தது. முதுகில் ஈட்டிக் காயம். பயந்து ஓடும்போது செத்தான் என்று சொன்னவன் இதே தனெமிட்சு. ஓடினவனின் குடும்பப் பெயரைப் பிரபுவின் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். வீடும் போய்விடும். மதியம் பிரபு தலைகளைப் பார்வையிடும்போது அதையும் முடிவு செய்வதாக இருந்தது.

அண்ணி தலையின் தாடையைப் பிளந்தாள். பற்களுக்கு நடுவே ஒரு நீலக் கயிற்றுத் துண்டு. அதில் ஒரே ஒரு வெள்ளை இழை. அண்ணனின் கவசக் கைக்கு அவள் பின்னியது. நூல் பிடித்துக் கொடுத்தவள் நான்.

"கட்டிப் புரண்டப்போ கடிச்சிருக்கான்," என்றாள். "நேருக்கு நேர் நின்னுதான் கொன்னிருக்காரு உங்க அண்ணன்."

அப்படியானால் முதுகில் குத்தியது யார்?

ஒபாத்தா எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "பிடுங்கி எறி. அந்த வாயை மூடு. உன் வாயையும் சேத்து."

அண்ணி எல்லாப் பல்லுக்கும் மை பூசினாள். தனெமிட்சுவின் பெயர்ப்பலகையைக் கட்டினாள். கயிற்றைத் தொடவில்லை.

மதியம் முற்றத்தில் தலையை அவளே பிரபுவின் முன் ஏந்தினாள்.

"வாயில என்ன அது?" என்றார் பிரபு.

"என் வீட்டுக்காரர் கவசக் கயிறுங்க. மீதி அவர் உடம்புல இருக்கு. உங்க தங்கச்சி மகன் கவசத்துல எல்லாமே சிவப்புக் கயிறு. ஒண்ணுகூட அறுந்த மாதிரி தெரியலீங்க."

தனெமிட்சு சிரித்தான். "பொம்பளை பின்ற கயிறெல்லாம் சாட்சியா மாமா?"

பிரபு அவன் கவசக் கையின் சிவப்புக் கயிறுகளைப் பார்த்தார். பிறகு, "பலகையை அவுத்துடு. யார் பேரும் வேணாம். வீட்டு விஷயம் வெளிய போக வேணாம்," என்றார்.

"எங்க வீட்டுக்காரர் ஓடினாருன்னு மட்டும் ஊரெல்லாம் போகலாமாங்க?"

அண்ணி பலகையை அவிழ்த்துத் திருப்பினாள். இடுப்பில் செருகியிருந்த பல் மைத் தூரிகையால் 'ஹிராசே குன்பெய்' என்று எழுதிக் கட்டினாள். அந்த மை தண்ணீருக்குப் போகாது. ஒபாத்தா பிடுங்கப் பாய்ந்தார்.

"விடு," என்றார் பிரபு.

எங்கள் பெயரை அடிக்கவில்லை. தனெமிட்சுவையும் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மாலை விருந்தில் அவனுக்கு மது ஊற்ற என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். தலைகளைக் கழுவின கையைக் கழுவாமல் போனேன்.